தையல் மெஷின் வாங்கும் முன்: ஆள்கடத்தலிலிருந்து மீண்டவர்களுக்குக் கைத்தொழில் கற்றுத்தந்ததில் நாங்கள் செய்த தவறுகள்

எட்டு மாதமும், சேர்த்து வைத்திருந்த பணத்தில் பாதிக்கு மேலும் போன பிறகு எழுதுவது இது. ஆள்கடத்தலிலிருந்து மீண்டவர்களுக்கான கைத்தொழில் பயிற்சிக்கூடத்தை எப்படி நடத்த வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்ல எங்களுக்கு ஆள் இல்லை. தையல் சொல்லித்தரத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், மனநல ஆலோசகர்கள் இருந்தார்கள். இரண்டும் ஒரே அறைக்குள் வரும்போது என்னவெல்லாம் ஆகும் என்று தெரிந்தவர் கிடைக்கவில்லை. முதல் குழுவில் பாதிப் பேர் மூன்றாவது மாதத்துக்குள் நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு ஆர்வமில்லை என்று அப்போது பேசிக்கொண்டோம். அப்படிப் பேசியதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கூசுகிறது. கோளாறு எங்கள் கூடத்தில் இருந்தது. இதே வேலையில் இறங்கப்போகிறவர்கள் அந்த எட்டு மாதத்தை இன்னொரு முறை தொலைக்க வேண்டாம் என்பதால், நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

கட்டாய உழைப்பை அடையாளம் காண சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 11 அறிகுறிகளைப் பட்டியலிட்டிருக்கிறது. ஒருவரின் நிராதரவான நிலையைப் பயன்படுத்திக்கொள்வது, ஏமாற்றிச் சேர்ப்பது, நடமாட்டத்தைத் தடுப்பது, தனிமைப்படுத்துவது, உடல் அல்லது பாலியல் வன்முறை, மிரட்டல், அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பது, கூலியை நிறுத்தி வைப்பது, கடனால் கட்டிப்போடுவது, மோசமான வேலை மற்றும் தங்குமிடச் சூழல், அளவுக்கு மீறிய வேலை நேரம். குற்றவாளிகளைக் கண்டுபிடிப்பதற்கான பட்டியல் என்றே இதை நாங்கள் படித்திருந்தோம். ஆட்கள் நிற்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் அதை எங்கள் கூடத்துக்கே பொருத்திப் பார்த்தோம். நான்கு இடத்தில் இடித்தது. பாதுகாப்புக்காக என்று வாசலைப் பூட்டி வைத்திருந்தோம். ஏமாற்றி அழைத்துப்போன பழைய ஏஜென்ட் கூப்பிட்டுத் தொந்தரவு செய்வான் என்று கைபேசிகளை வாங்கி வைத்தோம். தொலைந்துவிடக் கூடாது என்று அடையாள அட்டைகளை அலுவலக அலமாரியில் போட்டிருந்தோம். உதவித்தொகையைச் சேமிப்பாகப் பிடித்து வைத்து, பயிற்சி முடிந்ததும் மொத்தமாகத் தருவதாகச் சொல்லியிருந்தோம். நான்கையும் நல்ல மனதோடுதான் செய்தோம். ஆனால் இதே நான்கையும், ஏறக்குறைய இதே சமாதானங்களைச் சொல்லி, வேறொருவன் அவர்களிடம் ஏற்கெனவே செய்திருந்தான்.

அதனால் முதல் குறிப்பு: மெஷினுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் அந்த 11 அறிகுறிகளையும் ஒரு தாளில் எழுதி, உங்கள் விதிமுறைகளை ஒவ்வொன்றாக அதன் எதிரே வைத்துப் பாருங்கள். வாசலுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போதும். உள்ளே இருக்கும் யாரும் சாவி கேட்காமல் திறக்க முடிய வேண்டும். வெளியிலிருந்து வருகிறவர்களைப் பதிவேட்டில் எழுதுங்கள், வெளியே போகிறவர்களை எழுத வேண்டாம். கைபேசி அவரவரிடமே இருக்கட்டும். எண்ணை முடக்குவது, இருப்பிடம் காட்டும் வசதியை அணைப்பது, பழைய ஆட்கள் கூப்பிட்டால் யாரிடம் சொல்வது என்பதையெல்லாம் முதல் வாரத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். கைபேசியைப் பறிப்பதைவிட இது பாதுகாப்பு. ஆவணங்களுக்கு ஆளுக்கொரு பூட்டுப்பெட்டி, சாவி அவர் கையில். நகல் தேவைப்பட்டால் எதற்கு என்று சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கி எடுங்கள். உதவித்தொகை வாரம் ஒருமுறை, குறித்த கிழமையில், தாமதமில்லாமல் போக வேண்டும். உதவித்தொகையே இல்லாமல் பயிற்சி நடத்தலாம் என்ற எண்ணம் இருந்தால் தொடங்கவே வேண்டாம். வீட்டிலிருந்து பணம் கேட்டு அழைப்பு வரும், பழைய கடன்காரர் வருவார், அதே நேரத்தில் 'நல்ல வேலை இருக்கிறது' என்று இன்னொரு ஏஜென்ட் வருவான். கையில் ஒன்றும் இல்லாதவருக்கு அந்த ஏஜென்ட்தான் வழியாகத் தெரிவான்.

அடுத்த தவறு, ஆட்களைச் சேர்த்த நேரம். மீட்கப்பட்ட இரண்டாவது வாரத்திலேயே சிலரை வகுப்பில் உட்கார வைத்தோம். ஆள்கடத்தலைத் தடுப்பதற்கான ஐ.நா. நெறிமுறை, 2000-இல் பலெர்மோவில் கையெழுத்துக்கு வந்தது, அதன் 6-ஆவது பிரிவில் மீட்சிக்கு வேண்டியவற்றைச் சொல்கிறது: தங்குமிடம், ஆலோசனையும் சட்ட உரிமைகள் பற்றிய தகவலும், மருத்துவ, மனநல, பொருள் உதவி, அதன் பிறகு வேலை, கல்வி, பயிற்சி வாய்ப்புகள். அந்த வரிசையை நாங்கள் தலைகீழாக்கியிருந்தோம். அடுத்த மாதம் எங்கே படுப்பது என்று தெரியாத ஒருவருக்கு அளவு நாடா படிக்கக் கற்றுத்தந்தால் அது நிற்காது. இப்போது சேர்ப்பதற்கு முன் மூன்றே கேள்விகள்: குறைந்தது ஆறு மாதத்துக்கு உறுதியான தங்குமிடம் இருக்கிறதா, உடல்நலப் பரிசோதனை முடிந்து சிகிச்சை தொடங்கியிருக்கிறதா, வழக்கு இருந்தால் அது எந்த நிலையில் இருக்கிறது என்று அவருக்கே தெரியுமா. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் திருப்பி அனுப்புவதில்லை. அதற்காகத் திறந்த நேரம் வைத்திருக்கிறோம். தினமும் இரண்டு மணி நேரம், பதிவு கிடையாது, பாடத்திட்டம் கிடையாது. குரோஷா ஊசி, நூல், தாள், மணிகள் மேசையில் இருக்கும். வரலாம், சும்மா உட்காரலாம், பாதியில் எழுந்து போகலாம். கைக்கு ஒரே சீரான வேலை கிடைத்தால் மனம் கொஞ்சம் அடங்குவதைப் பலரிடம் பார்த்திருக்கிறோம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை உற்பத்தி வேலையில் சேர்ப்பதே இல்லை. சிறுவர் கடத்தலைக் குழந்தை உழைப்பின் மிக மோசமான வடிவங்களில் ஒன்றாக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1999-ஆம் ஆண்டு 182-ஆவது உடன்படிக்கை சொல்கிறது. அப்படி மீண்டு வந்த பிள்ளைக்கு முதலில் வேண்டியது பள்ளி.

என்ன தொழில் என்பதையும் நாங்களே முடிவு செய்திருந்தோம். பெண்கள் என்றால் தையல் என்று யோசிக்காமலே பன்னிரண்டு மெஷின் வாங்கியாயிற்று. பிறகுதான் தெரிந்தது, சிலர் மீண்டு வந்ததே பூட்டிய தையல் ஆலைகளிலிருந்து. மெஷின் வரிசையைப் பார்த்த மாத்திரத்தில் அவர்களுக்கு உடம்பு விறைத்தது. பன்னிரண்டில் ஐந்து மெஷின்களை வாங்கிய விலையில் பாதிக்கும் குறைவாக விற்றோம். எங்கே, எப்படி வேலை வாங்கினார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. சேர்க்கைப் படிவத்தில் 'எந்த வேலை வேண்டாம்?' என்று ஒரு வரி இருந்தால் போதும், காரணம் கேட்கக் கூடாது. அதன் பிறகு மூன்று கைத்தொழில்களைப் பத்துப் பத்து நாள் தொட்டுப் பார்க்க விடுங்கள். எங்களிடம் இப்போது பை தைப்பது, அச்சுக்கட்டை கொண்டு துணியில் அச்சிடுவது, புத்தகம் கட்டுவது மூன்றும் இருக்கின்றன. மூன்றும் பிடிக்காமல் கணக்கு எழுதப் படிக்க வேண்டும் என்றோ, வண்டி ஓட்ட வேண்டும் என்றோ ஒருவர் சொன்னால் அதற்கு வழி செய்வதும் நம் வேலைதான். மெஷின் வாங்கிவிட்டோமே என்பதற்காக ஒருவரின் வாழ்க்கையை அதில் உட்கார வைக்க முடியாது. மீண்டவர்களில் ஆண்களும் உண்டு. பெண்களுக்கென்றே யோசித்த கூடத்தில் அவர்களுக்கு இடமே இல்லாமல் போவதை நாங்கள் தாமதமாகத்தான் கவனித்தோம்.

இதோடு சேர்ந்த சின்ன விஷயம் ஒன்று, ஆனால் இரண்டு மாதத்தை அது தின்றது: கண். ஊசியில் நூல் கோக்க முடியாமல் சிலர் திணறினார்கள். கவனமில்லை, கை நடுக்கம் என்றெல்லாம் குறிப்பெழுதினோம். அருகில் இருப்பது தெரிகிறதா என்று பரிசோதித்துக் கண்ணாடி போட்டதும் சரியாகிவிட்டது. ரத்தசோகை, முதுகுவலி, பல்வலி எல்லாமே வகுப்பில் 'ஆர்வமின்மை' போலத்தான் தெரியும். எனவே பரிசோதனை முதலில், மதிப்பீடு பிறகு.

அறையையும் மெஷினையும் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. தொழிற்சாலை மெஷின்களில் பழைய வகை கிளட்ச் மோட்டார் என்றால், சுவிட்சைப் போட்டதிலிருந்து அணைக்கும்வரை மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். யாரும் தைக்காதபோதும் அந்த இரைச்சல் நிற்காது. பெடலைத் தொட்டவுடன் குபீரென்று பாயும். புதிதாகக் கற்பவருக்கே பயம் வரும், அதிர்ச்சியில் திடுக்கிடும் உடம்புக்குக் கேட்கவே வேண்டாம். சர்வோ மோட்டார் பெடலை அழுத்தினால்தான் ஓடும், மற்ற நேரம் சத்தமில்லை, அதிகபட்ச வேகத்தைத் திருகி வைத்துக் கட்டுப்படுத்தலாம். தொழிற்சாலை மெஷின் நிமிடத்துக்கு 4000 தையலுக்கு மேல் போகும். நாங்கள் முதல் மாதம் 600-ஐத் தாண்ட விடுவதில்லை. கிளட்ச் மோட்டாரைக் கழற்றிவிட்டு அதே மேசையில் சர்வோ பொருத்திக்கொள்ளலாம், முழு மெஷினை மாற்ற வேண்டியதில்லை. மெஷின்களை ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் போடாதீர்கள். முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாடுவது பலருக்குத் தாங்காது. சுவரோரமாகவும் போட வேண்டாம், அப்போது வாசலுக்கு முதுகு காட்ட வேண்டிவரும். அரைவட்டமாகப் போட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லோருக்கும் வாசல் தெரியும்படி வைத்தபோதுதான் அறை அமைதியானது. தைக்கும் இடத்தில் 750 லக்ஸ் அளவு வெளிச்சம் வேண்டும். கைபேசிச் செயலியை வைத்தே ஏறத்தாழ அளந்துவிடலாம். மணி அடித்து இடைவேளை விடும் வழக்கத்தை நிறுத்தினோம். கழிவறைக்குப் போக யாரும் யாரிடமும் கேட்க வேண்டாம் என்பதை முதல் நாள் வாயால் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

கத்தரிக்கோல், ஊசி, கட்டர் கணக்கு வைத்தே ஆக வேண்டும். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்து சிலருக்கு இருக்கிறது, அதைப் பார்க்காததுபோல் இருக்க முடியாது. ஆனால் போகும்போது பையைச் சோதிப்பது அவமானம். சுவரில் ஒரு பலகை மாட்டி, ஒவ்வொரு கருவியின் வடிவத்தையும் அதில் கறுப்பாக வரைந்து, அதன் மேல் கருவியைத் தொங்கவிட்டால் எது குறைகிறது என்று ஒரே பார்வையில் எல்லோருக்கும் தெரியும். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி அட்டையில் ஒட்டிய பிறகு புது ஊசி. இது பல ஆடைத் தொழிற்சாலைகளில் உள்ள நடைமுறை, பிறகு அவர்கள் வேறெங்கு வேலைக்குப் போனாலும் உதவும்.

முதல் வாரம் நூல் வேண்டாம். தாளில் நேர்கோடு, மூலை, வளைவு, சுருள் என்று வரைந்து, நூல் கோக்காத மெஷினில் அந்தக் கோட்டின் மேல் ஓட்டச் சொல்லுங்கள். துளைகள் கோட்டை விட்டு எங்கே விலகின என்று தாளே காட்டிவிடும், ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை. தாளில் ஓட்டிய ஊசி மழுங்கிவிடும், துணிக்குப் போகும்போது மாற்றிவிடுங்கள். இரண்டாவது வாரம் மெஷின் தட்டில் ஊசியிலிருந்து 1.25 செ.மீ. தூரத்தில் ஒரு நிறநாடா ஒட்டி, துணியின் ஓரம் அந்த நாடாவை உரசிக்கொண்டே போகப் பழக்கலாம். இந்தக் கட்டத்தில் எல்லோருக்கும் வருகிற தொல்லை, துணியின் அடியில் நூல் கூடுகட்டுவது. அடியில் வருவதால் அடிநூல் சுற்றிய பாபினைக் குறைசொல்லித் திருகத் தொடங்குவார்கள். பெரும்பாலும் காரணம் மேலேதான்: துணியை அழுத்திப் பிடிக்கும் அழுத்துபாதம் இறங்கியிருக்கும்போது நூல் கோத்திருப்பார்கள், அப்போது மேல்நூலை இழுத்துப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இறுகியிருப்பதால் நூல் அவற்றின் நடுவே போய் உட்காராது. பாதத்தைத் தூக்கிவிட்டு மறுபடி கோத்தால் தீர்ந்துவிடும். இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. நூல் சிக்கியதும் சிலர் மெஷினை உடைத்துவிட்டோம் என்று நடுங்கிப்போவார்கள், கூலியில் பிடிப்பார்களா என்று கேட்பார்கள். உடைந்தாலும் சிக்கினாலும் யாரிடமும் ஒரு காசு பிடிக்கப்படாது என்று எழுதி, படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டி, முதல் நாளே ஒட்டிவிடுங்கள். முதலில் முடிக்கும் பொருள் இரண்டு மணி நேரத்துக்குள் முடியக்கூடிய சின்னச் சுருக்குப்பையாக இருக்கட்டும். அது அவருக்கே. விற்பனைக்கு எடுக்கக் கூடாது.

வகுப்பின் நடுவில் ஒருவர் உறைந்துபோவது உண்டு. கண் ஓரிடத்தில் நிலைக்கும், கூப்பிட்டால் கேட்காது, கால் பெடலில் அழுந்தியபடி இருக்கும். முதலில் மெஷின் சுவிட்சை அணைக்க வேண்டும். தொடக் கூடாது, பின்னாலிருந்து பேசக் கூடாது. முன்பக்கம், ஒரு கை தூரத்துக்கு அப்பால், அவர் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து, அவர் பெயரையும் இப்போது இருக்கும் இடத்தையும் கிழமையையும் தணிந்த குரலில் சொல்லலாம். கையில் இருக்கும் துணி சொரசொரப்பா வழுவழுப்பா, பாதம் தரையில் படுகிறதா என்று கேட்கலாம். தண்ணீர் கொடுக்கலாம். மீண்ட பிறகு என்ன ஞாபகம் வந்தது என்று விசாரிப்பதுதான் பெரும் தவறு, எங்கள் தையல் ஆசிரியர் ஒருவர் அன்பினால் அதைச் செய்யப்போய் அந்தப் பெண் இரண்டு வாரம் வரவில்லை. வேலையைத் தொடர்வதா, வெளியே உட்கார்வதா, தங்குமிடத்துக்குப் போவதா என்று மூன்றையும் சொல்லி அவரையே தேர்ந்தெடுக்க விடுங்கள். அன்றைய உதவித்தொகை எதைத் தேர்ந்தெடுத்தாலும் முழுதாக உண்டு. ஆசிரியர்களுக்கு வகுப்பு தொடங்கும் முன் இதற்கென்றே இரண்டு நாள் பயிற்சி கொடுங்கள்; யாருடைய கடந்த காலமும் அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. தானாக ஒருவர் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், ஆலோசகரிடம் போகலாமா என்று கேட்கலாம், இன்னொரு ஆசிரியரிடம் அதைக் கொண்டுபோகக் கூடாது. நீதிமன்றத் தேதிகளை நாள்காட்டியில் முன்கூட்டிக் குறித்து, அதற்கு முந்தைய நாளையும் அடுத்த இரண்டு நாளையும் ஊதியத்தோடு விடுப்பாக வையுங்கள். அந்த வாரத்தில் ஆர்டர் முடிக்க வேண்டும் என்று யாரையும் நம்பியிருக்க வேண்டாம்.

தூக்கமின்மையும் மருந்தின் அசதியும் காலையில் அதிகம். ஒன்பது மணிக்கு வகுப்பு வைத்தபோது தினமும் சண்டை. பதினொன்றுக்கு மாற்றியதும் வருகை தானாகச் சரியானது. முதல் மூன்று மாதம் நாளுக்கு மூன்று மணி நேரம் போதும்.

பொருளைப் பற்றி. நாங்கள் முதலில் எடுத்தது பூவேலை செய்த மேசைவிரிப்பு. ஒன்றுக்கு நான்கு நாள் ஆகும், நான்காவது நாள் கறை பட்டால் அழுகை. விட்டுவிட்டுக் கேன்வாஸ் கைப்பைக்கு வந்தோம்: பாதியில் நிறுத்தலாம், இன்னொருவர் தொடரலாம், தவறினால் பிரித்துத் தைக்கலாம். 38 செ.மீ. அகலம், 42 செ.மீ. உயரம் உள்ள பைக்கு உடல்துண்டு 40.5 × 47.5 செ.மீ. இரண்டு, பக்கங்களிலும் அடியிலும் 1.25 செ.மீ. தையல் விளிம்பு, வாய்ப்பக்கம் மடிக்க 4.25 செ.மீ. சேர்த்து வருகிற அளவு. கைப்பிடி 65 × 10 செ.மீ. இரண்டு, நாலாக மடித்தால் 2.5 செ.மீ. அகலம். 150 செ.மீ. அகலத் துணியில் ஒவ்வொரு பையாக வெட்டினால் பைக்கு 47.5 செ.மீ. நீளம் போகும், ஆறு பைக்கு 2.85 மீட்டர். ஆறையும் சேர்த்துத் திட்டமிட்டால் 2.3 மீட்டரில் முடிந்துவிடும்: குறுக்கே மூன்று உடல்துண்டுகளாக நான்கு வரிசை, ஓரத்தில் மிஞ்சும் பட்டையில் நெடுக்குவாட்டில் நான்கு கைப்பிடி, மீதி எட்டைக் கடைசி 40 செ.மீ.-இல் குறுக்கே வெட்டலாம். ஒரே ஒரு எச்சரிக்கை, ஒரு பையின் இரண்டு கைப்பிடியும் ஒரே வாட்டத்தில் வெட்டியதாக இருக்க வேண்டும். ஒன்று நெடுக்கிலும் ஒன்று குறுக்கிலும் போனால் பாரம் ஏறும்போது சமமில்லாமல் இழுபட்டுப் பை ஒருபக்கம் சாயும்.

வெட்டும் முன் துணியைத் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட வேண்டும். இதைச் செய்யாமல் அனுப்பிய முதல் பெரிய ஆர்டர் முழுதும் திரும்பி வந்தது. பருத்திக் கேன்வாஸ் 5 விழுக்காடு சுருங்கினால் 42 செ.மீ. உயரத்தில் 2 செ.மீ. காணாமல் போகும், நூல் சுருங்காததால் தையலோரம் சுருக்கம் விழும். கைப்பிடி சேரும் இடத்தில் ஏழு மடிப்புத் துணி இருக்கும்; அங்கே 100/16 எண்ணுள்ள தடித்த ஊசி போட்டு, 2 செ.மீ. சதுரமும் உள்ளே பெருக்கல் குறியும் தைக்க வேண்டும், தடித்த மூலையில் பெடலை விட்டுவிட்டுக் கைச்சக்கரத்தால் சுற்றித் தாண்ட வேண்டும். மோட்டார் வேகத்தில் போனால் ஊசி வளைந்து தட்டில் மோதி உடைகிறது. திரும்பி வந்த பைகளைப் பிரித்துச் சரிசெய்த நேரத்துக்கும் கூலி கொடுத்தோம். துவைக்கச் சொல்லாதது எங்கள் தவறு, அதற்கான நட்டம் அவர்கள் தலையில் ஏறக் கூடாது.

கூலியில்தான் பல கூடங்கள் சறுக்குகின்றன. பீஸ் ரேட், அதாவது முடித்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி, கொடுத்தால் உற்பத்தி ஏறும் என்று எங்களுக்கும் ஆலோசனை வந்தது. நாளுக்கு இத்தனை முடிக்காவிட்டால் சாப்பாடு கிடையாது, உறக்கம் கிடையாது என்ற இடங்களிலிருந்து வந்தவர்களிடம் எண்ணிக்கையைக் காட்டிக் கூலி பேசக் கூடாது. மணிக்கூலி கொடுங்கள், சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகாதீர்கள். ஆனால் ஒரு பைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரியாமல் விலை போட முடியாதே. ஸ்டாப்வாட்சோடு பக்கத்தில் நிற்க வேண்டாம். வார முடிவில் கொடுத்த மொத்த மணிநேரத்தை முடிந்த பைகளால் வகுத்தால் போதும். வெட்டு, இஸ்திரி, பிசிறு நறுக்குதல், மெஷின் துடைப்பு, பேச்சு எல்லாம் அதற்குள் வந்துவிடும். எங்கள் தையல் ஆசிரியர் ஒரு பையை 25 நிமிடத்தில் முடிப்பார், அதை வைத்து விலை சொன்னோம். உண்மையில் 60 நிமிடம் ஆனது. அந்த ஒரு கணக்குப் பிழையினால் மூன்று மாதம் ஒவ்வொரு பைக்கும் கைக்காசு போட்டோம்.

இப்போது கடைக்குக் கொடுக்கும் விலையை 100 பங்காக வைத்தால் துணி, நூல் 30, கூலி 35, வாடகை, மின்சாரம், போக்குவரத்து 15, பழுது 5, கையிருப்பு 15. கையிருப்பை லாபம் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள், ஆர்டர் இல்லாத மாதத்தில் கூலி அதிலிருந்துதான் போகும். கடை அதை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கி விற்கும். நீங்கள் நேரடியாக விற்கும்போதும் கடை விலையிலேயே விற்க வேண்டும், இல்லையென்றால் எந்தக் கடையும் உங்களிடம் வாங்காது. மெஷின் நன்கொடையாக வந்திருக்கலாம், அதன் தேய்மானத்தையும் ஊசி, எண்ணெய்ச் செலவையும் கணக்கில் சேருங்கள். நன்கொடையில் ஓடும் விலை நன்கொடை நின்ற அன்று நின்றுவிடும், அன்று நடுத்தெருவில் நிற்பது நாம் அல்ல, அவர்கள்.

விற்பனை என்றதும் எல்லோரும் சொல்வது, 'கதையைச் சொல்லுங்கள், மக்கள் வாங்குவார்கள்.' வாங்குவார்கள்தான், ஒருமுறை. இரக்கத்துக்காக வாங்கிய பையின் கைப்பிடி பிய்ந்தால் இரண்டாவது வாங்க மாட்டார்கள். பணத்தைவிடப் பெரிய ஆபத்து வேறு. முகம், பெயர், ஊர், மீட்கப்பட்ட தேதி, இதில் இரண்டு சேர்ந்தாலே தேடுகிறவன் கண்டுபிடித்துவிடுவான். முகத்தை மறைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே தெரியும் கட்டடத்தை விட்டுவிடுகிறார்கள். கைபேசியில் எடுத்த படத்துக்குள்ளேயே இடத்தின் குறியீடு பதிந்திருக்கலாம், வெளியிடும் முன் அதை நீக்க வேண்டும். கைகளின் படம் பாதுகாப்பு என்று நினைத்தோம், பச்சை குத்தியதும் தழும்பும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்று அதில் இருந்தவர்தான் சொன்னார். இப்போது பையை மட்டுமே படமெடுக்கிறோம். சம்மதம் கேட்டால் தருவார்களே என்பீர்கள். தங்குமிடமும் உதவித்தொகையும் நம் கையில் இருக்கும்போது 'முடியாது' என்று சொல்ல அவர்களுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது? பையின் சீட்டில் துணியின் வகை, துவைக்கும் முறை, கூடத்தின் பெயர் மூன்றும் போதும். கூடத்தின் பெயரிலும் 'மீட்பு', 'மறுவாழ்வு' போன்ற சொற்கள் வேண்டாம். ஊதியச் சீட்டிலும் வங்கிப் புத்தகத்திலும் அந்தப் பெயர்தான் வாழ்நாள் முழுக்க அவரோடு போகும்.

வங்கிக்கணக்கு அவர் பெயரில் மட்டும் இருக்கட்டும், கூட்டுக்கணக்கு வேண்டாம். அட்டையின் ரகசிய எண்ணை வீட்டில் யாரோ வைத்திருப்பதும் சம்பள நாளன்று முழுதும் எடுக்கப்படுவதும் சகஜம். அதைத் தனியாகக் கேட்டு, அவர் விரும்பினால் மட்டும் எண்ணை மாற்ற உதவலாம். பயிற்சி முடிந்ததும் மெஷினைக் கடனாகக் கொடுத்துக் கூலியில் மாதாமாதம் பிடிக்கும் ஏற்பாட்டை நாங்கள் ஒருவருக்குச் செய்தோம். அவர் அன்றிரவு முழுக்கத் தூங்கவில்லை என்று பிறகு சொன்னார். அடிமைமுறை ஒழிப்புக்கான 1956-ஆம் ஆண்டின் ஐ.நா. துணை உடன்படிக்கை கடன் அடிமைத்தனத்தை விளக்கும்போது, உழைப்பின் மதிப்பு நியாயமாகக் கடனில் கழியாததையும், உழைப்புக்குக் கால வரம்பு இல்லாததையும் அடையாளமாகச் சொல்கிறது. எங்கள் ஏற்பாட்டில் எத்தனை மாதத்தில் கடன் முடியும் என்று எழுதப்படவே இல்லை. தாளைக் கிழித்துவிட்டு மெஷினை அவருக்கே கொடுத்தோம். கொடுக்க முடிந்தால் கொடுங்கள், முடியாவிட்டால் கூடத்தின் மெஷினை மாலையில் அவர் சொந்த ஆர்டருக்குப் பயன்படுத்த விடுங்கள்.

விட்டுப்போவதற்கு ஒரு வழியை முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்: எப்போது வேண்டுமானாலும் போகலாம், காரணம் சொல்ல வேண்டாம், அதுவரையான கூலி அன்றே கைக்கு வரும். சான்றிதழில் காப்பகத்தின் பெயர் வரக் கூடாது, 'பங்கேற்றார்' என்ற வெறும் வார்த்தையும் உதவாது. ஒற்றை ஊசி மெஷின், துணியோரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் இரண்டும் இயக்குவார், கேன்வாஸ் பையை அளவெடுத்து வெட்டி முழுதாகத் தைப்பார், பயிற்சி நேரம் 300 மணி என்று வேலை கொடுப்பவருக்குப் புரியும்படி எழுதுங்கள். விசாரிக்க யாராவது அழைத்தால் பதில் சொல்ல ஒரே ஒருவரை நியமியுங்கள், தையல் கற்றார், நன்றாகத் தைப்பார் என்பதைத் தாண்டி அவர் எதுவும் பேசக் கூடாது. போனவரின் மெஷினுக்கு உடனே வேறு ஆளைப் போடாமல் ஆறு மாதம் வைத்திருக்கிறோம். இதுவரை இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். ஒருவர் மறுபடி சேர்ந்தார். மற்றவர் தன் சொந்த ஆர்டருக்கு ஓவர்லாக் அடிக்க வந்தார், முடித்ததும் பிசிறைக் கூட்டிப் பெருக்கிவிட்டுக் கிளம்பினார்.